எம்.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டுப் புற்றுநோய் நானோ மருந்து ஆராய்ச்சிக்குப் போகலாமா?

எதிர்காலம் உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் பி.எட். சேரச் சொல்லி நெருக்குகிறார்கள் போலிருக்கிறது. எனக்கும் அதுதான் நடந்தது.

மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே பதினாறு வருடமாகத் தங்க நானோ துகள்களோடு, அதாவது கண்ணுக்கே தெரியாத தங்கத் துணுக்குகளோடு, கிடக்கிறேன். அப்பாவுக்குத் தெற்காவணி மூல வீதியில் சின்ன நகைப் பட்டறை. அங்கே மூக்கில் ஏறிய, தங்கத்தையே கரைக்கும் ராஜதிராவக அமில நெடிதான் என் ஆய்வகத்திலும். குடுவைகளை அதில்தான் கழுவுவோம். கொதிக்கும் தங்க உப்புக் கரைசலில் சிட்ரேட்டை ஊற்றினால், வெளிர் மஞ்சள் மறைந்து, கருநீலம் ஓடி, சில நிமிடத்தில் மாதுளைச் சாறு போலச் சிவக்க வேண்டும். குடுவையில் அழுக்கு இருந்தால் ஊதாவாகித் திரண்டுவிடும்.

இதே தங்கத்தை வேறு முறையில் குச்சி குச்சியாக வளர்த்தால், சிடி ஸ்கேனில் கட்டியைக் காட்டவும், அகச்சிவப்பு லேசர் பட்டதும் சூடாகி அதைப் பொசுக்கவும் ஒரே துகள் போதும். தட்டில் வளர்த்த புற்றுநோய்ச் செல்கள் செத்தன. எலிக்கு ஊசி போட்டபோதோ, பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொண்டன. பத்தாண்டுக் கட்டுரைகளைத் திரட்டி 2016-ல் வந்த ஓர் ஆய்வு, செலுத்திய துகள்களில் கட்டியைச் சேர்வது நடுமதிப்பாக 0.7 சதவீதம்தான் என்றது. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அதே வருடம் உசிலம்பட்டியிலிருந்து அத்தை வந்தார். மார்பில் கட்டி. "ஏம்மா, நீ ஏதோ தங்க மருந்து செய்யிறியாமே, எனக்குக் கொஞ்சம் தரக்கூடாதா?"

"அது இன்னும் எலியைத் தாண்டலை அத்தை. ஆஸ்பத்திரி மருந்தை மட்டும் விட்டுடாதீங்க."

கீமோ முடித்து நன்றாக நடமாடுகிறார். ஒவ்வொரு பொங்கலுக்கும், "எலியைத் தாண்டிருச்சா?" என்று கேட்பார். இன்னும் இல்லை என்று சொல்லும்போது தொண்டை அடைக்கும்.

சின்னப் பிள்ளைகளின் நம்பிக்கையைக் கெடுக்கிறேன் என்று யாராவது வருவீர்கள். அப்படியில்லை. டாக்சோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்தை நானோ அளவுக் கொழுப்புக் குமிழிக்குள் அடைத்த டாக்சில் 1995-லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்று நோயாளிகளுக்குப் போனது. துறை பொய்யில்லை, தூரம் அதிகம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உதவித்தொகை எட்டு மாதம் வராமல், என் மாணவி ஒருத்தி திருமங்கலத்தில் டியூஷன் எடுத்து பஸ்ஸுக்குக் காசு சேர்த்தாள். மாதாமாதம் உதவித்தொகைப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பியது நான்தான். கடைசியில் ஆய்வையே விட்டுவிட்டாள். அவள் கைக்கு மட்டும்தான் குச்சிகள் ஒரே அளவில் வரும். இன்றுவரை ஆறவில்லை.

சரி, நீங்கள் போங்கள். சேருமுன் கைடிடம் மூன்று கேளுங்கள்: உதவித்தொகை எங்கிருந்து வருகிறது, எலி ஆய்வை எங்கே செய்வீர்கள், கூட வேலை செய்யும் புற்றுநோய் மருத்துவர் யார்.