வீடு கட்டுவோர் கேள்வி – பதில்: மிதக்கும் கல் எவ்வளவு தாங்கும்?

கேள்வி (காரைக்குடி வாசகர்): பூர்வீக வீட்டின் பின்புறம் பிற்காலத்தில் பில்லர் போட்டுக் கட்டிய கான்கிரீட் பகுதியின் மேல் ஓர் அறை எழுப்ப எண்ணியிருக்கிறோம். பொறியாளர் ஏஏசி கல் (காற்றுக் கண்ணறைகள் நிறைந்த, நீராவியில் வேகவைத்த இலேசான கான்கிரீட் கல்) போடச் சொல்கிறார். கொத்தனாரோ, "தண்ணீரில் மிதக்கிறது, ஆணியால் கீறினால் பொடி உதிர்கிறது, இதை நம்பிச் சுவர் வைக்கலாமா?" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: கொத்தனார் சொன்ன இரண்டும் உண்மை. ஆயினும் அவற்றைக் கொண்டு கல்லின் வலிமையை எடைபோட முடியாது. இந்தக் கல்லுக்காகச் சிமெண்ட், சுண்ணாம்பு, சிறிது ஜிப்சம், அனல்மின் நிலையச் சாம்பல் அல்லது நைசாக அரைத்த மணல் ஆகியவற்றை நீரில் குழைத்து, அதில் மிகக் குறைந்த அளவு அலுமினியத் தூளைச் சேர்க்கும்போது, சுண்ணாம்பின் காரத்தோடு அலுமினியம் வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயு வெளிப்படுகிறது. கலவை ஆப்பமாவு போலப் பொங்கி எழுகிறது. ஹைட்ரஜன் வெளியேறிய கண்ணறைகளில் காற்று நிரம்பிக்கொள்கிறது. 1920களில் சுவீடனைச் சேர்ந்த யோகான் ஆக்செல் எரிக்சன் உருவாக்கிய முறை இது.

இந்த நிலையில் கலவைக்குச் சொல்லிக்கொள்ளும்படியான உறுதி கிடையாது. கம்பியால் அறுத்த கட்டிகளை மூடிய கலன்களில் ஏறத்தாழ 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள நீராவியில் பல மணி நேரம் வேகவைக்கும்போது, சுண்ணாம்பும் சிலிக்காவும் கூடி டோபர்மொரைட் என்ற படிகமாக மாறுகின்றன; கல்லின் உறுதி அங்கிருந்துதான் வருகிறது. நுரையைக் கலந்து வார்த்து, நீராவியில் வேகவைக்காமல் நீரூற்றி மட்டும் ஆற்றுகிற நுரைக் கான்கிரீட் கல்லையும் சில கடைகளில் இதே பெயரில் விற்கிறார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ஒரே அடர்த்தியில் நுரைக் கல் உறுதியில் குறைந்தது, உலரும்போது கூடுதலாகச் சுருங்குவது. பில்லில் எந்தக் கல் என்று தெளிவாக எழுதி வாங்குங்கள்.

உறுதி அடர்த்தியைப் பொறுத்தது. ஐஎஸ் 2185 என்ற இந்தியத் தரநிலையின் மூன்றாம் பகுதிப்படி, கன மீட்டருக்கு 551 முதல் 650 கிலோ அடர்த்தியுள்ள முதல் தரக் கல் சதுர மில்லிமீட்டருக்கு 4 நியூட்டனும், இரண்டாம் தரக் கல் 3 நியூட்டனும் தாங்க வேண்டும். 4 நியூட்டன் என்பது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 40 கிலோ. சூளைச் செங்கலின் தரநிலையில் மிகக் கீழான வகுப்பே 3.5 நியூட்டன்தான் என்பதைக் கொத்தனாரிடம் சொல்லிப் பாருங்கள்.

உங்கள் சுவரையே கணக்கிடுவோம். 3 மீட்டர் உயரம், 200 மில்லிமீட்டர் தடிமன், கன மீட்டருக்கு 600 கிலோ அடர்த்தி என்றால், ஒரு மீட்டர் நீளச் சுவரின் எடை 360 கிலோ. இதே உயரத்தில் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் ஏறத்தாழ 1,300 கிலோ வரும். பழைய பீமின் மேல் ஏற்றும் உங்களுக்கு இந்த வித்தியாசமே முக்கியம். 360 கிலோவும் 2,000 சதுர சென்டிமீட்டர் பரப்பில் இறங்குவதால், அடிவரிசைக் கல்லின் மீது சதுர சென்டிமீட்டருக்குக் கால் கிலோகூட விழாது. கூரைச் சுமையைச் சுவரின் மேல் வைக்காமல் பில்லர், பீமின் மேல் வைத்தால், கல் நசுங்குமோ என்ற கவலையே வேண்டாம்.

கவலைப்பட வேண்டியது ஈரத்தைப் பற்றி. ஆலையிலிருந்து புதிதாக வரும் கல்லில் அதன் உலர் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை நீர் இருக்கக்கூடும். ஈரம் ஏற ஏற உறுதி குறையும். சுவராகிய பின் உலர்ந்தால் சுருங்கி விரிசல் விடும். ஆகவே கல்லைத் தரைக்கு மேல் அடுக்கி, மழை படாமல் மூடி, உலர்ந்த பின் கட்டுங்கள். செங்கல்லைப் போலத் தொட்டியில் ஊறப்போடவே கூடாது. கட்டும் முகத்தை ஈரத்துணியால் துடைத்தால் போதும். பீமும் சுவரும் சேரும் இடங்களில் பூச்சுக்குள் கோழிவலை வையுங்கள். பழைய கட்டடம் கூடுதல் தளத்தைத் தாங்குமா என்பதைப் பொறியாளர் நேரில் பார்த்தே சொல்ல வேண்டும்.

கேள்வி (தேவகோட்டை வாசகி): பழைய வீட்டின் சுவர் கோடையிலும் குளுமையாக இருக்கிறது. இந்தக் கல்லும் அப்படி இருக்குமா? முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சை இதன் மேல் பூசலாமா?

பதில்: இருவகைச் சுவரும் வெயிலைத் தடுக்கும் விதம் வேறு. ஏஏசி கல் வெப்பத்தைச் சுலபத்தில் கடத்தாது. மேற்சொன்ன அடர்த்தியில் அதன் வெப்பக் கடத்துதிறன் மீட்டர்-கெல்வினுக்கு 0.24 வாட் அளவே, செங்கலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. உங்கள் பாட்டனார் காலத்துத் தடித்த சுவரோ பகல் வெப்பத்தைத் தன்னுள் வாங்கி மெதுவாக விடுகிறது. அந்தத் தேக்கும் குணம் இலேசான கல்லுக்குக் குறைவு. முற்றத்துக் காற்றோட்டம் தரும் குளுமையை எந்தக் கல்லும் தராது. ஓரடுக்கு வீட்டில் மொட்டைமாடி வழியே இறங்கும் வெப்பத்தைத் தடுக்காமல் சுவரை மட்டும் மாற்றினால் பலன் அரைகுறைதான்.

பூச்சைப் பொறுத்தவரை, கல்லைவிடக் கடினமான பூச்சுதான் பெயர்ந்து விழும். சிமெண்ட் அதிகமான கலவையைத் தவிர்த்து, சுண்ணாம்பு கலந்த மென்மையான கலவையைப் பூசுங்கள். அதன் மேல் நீங்கள் கேட்ட முட்டை வெள்ளைக்கரு சேர்த்த செட்டிநாட்டு மெருகுப் பூச்சைத் தாராளமாகச் செய்யலாம். கல் நீரை உறிஞ்சுவதால், முதலில் மணலும் சிமெண்டும் கலந்த குழம்பைத் தெளித்துப் பிடிமானம் உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

கேள்வி (கானாடுகாத்தான் வாசகர்): பழைய பர்மாத் தேக்கு வாசல் நிலையை இந்தச் சுவரில் பொருத்தலாமா?

பதில்: கல்லில் நேரடியாகப் பொருத்த வேண்டாம். திறப்பின் இருபுறமும் கம்பி வைத்த சிறு கான்கிரீட் தூண் வார்த்து, நிலையின் பிடிப்பிரும்பை அதில் இறக்குங்கள். கம்பியை ஏஏசி கல்லில் வெட்டிய காடியில் வைத்து மூடுவதும் தவறு. கான்கிரீட்டின் அளவுக்குக் காரத்தன்மை இந்தக் கல்லில் இல்லாததால், துருத்தடுப்புப் பூச்சு இல்லாத கம்பி துருப்பிடிக்கும். (துருவைப் பற்றிப் பேச உங்கள் பக்கத்திலேயே, காரைக்குடியில், மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இருக்கிறது.) படம், அலமாரி மாட்ட, சாதாரண ஆணிக்குப் பதில் இந்தக் கல்லுக்கென்றே விற்கும் நீண்ட நைலான் பிளக்கை வாங்குங்கள்; துளையைச் சுத்தியல் அதிர்வு இல்லாமல் சுழற்றி மட்டும் போடச் சொல்லுங்கள். ஊஞ்சலைப் பீமில்தான் மாட்ட வேண்டும்.