சுருட்டுச் சாறு: வேப் கம்பிச்சுருள் ஏன் கருகுகிறது?

தண்டையார்பேட்டை நண்பருக்கு, புரோப்பிலீன் கிளைக்காலில் (வேப் திரவத்தில் சேர்க்கும் நிறமற்ற திரவம்) சுருட்டை ஊறவைத்து வடிகட்டியும், வேப் எனும் இ-சிகரெட்டில் திரவத்தைச் சூடாக்கும் கம்பிச்சுருள் (coil) ஒரே நாளில் கருகுகிறது என்று கேட்டிருந்தீர்கள். எத்தனை தரம் வடித்தாலும் தூள்தான் நிற்கும்; இலையின் சர்க்கரையும் பிசினும் கரைந்தே இறங்கிவிடும். அவைதான் சூட்டில் கருகி, சுருளோடு இருக்கும் பஞ்சில் தார் மாதிரி அப்பிக்கொள்கின்றன.

எனக்குப் பெரிய கவலை வேறு. அந்தச் சாற்றில் நிகோட்டினும் இறங்கியிருக்கும், எவ்வளவு என்று வீட்டில் அளக்க வழியில்லை. தோல் வழியாகவும் உடம்பில் ஏறும். பிள்ளைகள் கைக்கு எட்டுகிற இடத்தில் அந்தப் பாட்டிலை வைக்கவே வைக்காதீர்கள். தேங்காய் எண்ணெய் கலக்கலாமா என்றீர்களே, கூடவே கூடாது. எண்ணெய் நுரையீரலில் தங்கி நிமோனியா வரை கொண்டுபோய்விடும். அப்புறம், 2019 சட்டப்படி இங்கே இ-சிகரெட் தயாரிப்பதும் விற்பதும் குற்றம்.

இருமல் இருந்தால் தள்ளிப்போடாமல் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். புகையிலையை விட நினைத்தால் அரசின் இலவச உதவி எண் 1800-11-2356.