பால் கவர்ல இருந்து ஆரம்பிங்க

சென்னையில இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க: "என் பொண்ணுக்கு அஞ்சு வயசு. ரீசைக்கிளிங் பத்தி சொல்லிக் குடுக்கலாம்னு ஆமை மூக்குல ஸ்ட்ரா மாட்டின வீடியோவ காட்டினேன், ராத்திரியெல்லாம் அழுதுட்டா. வேற எப்படி சொல்றது?"

முதல்ல அந்த வீடியோவ நிறுத்திடுங்க. அந்த ஆமைக்கு தன்னால ஒண்ணும் பண்ண முடியலையேன்னுதான் குழந்தை மனசுல நிக்கும், பயந்த குழந்தைக்கு பழக்கம் வராதுங்க. இந்த வயசுல கைக்கு எட்டுறதுதான் பாடம்.

ஒரு பழைய தொட்டியில மண்ணு போட்டு ஒரு பக்கம் வாழைப்பழத் தோலையும் இன்னொரு பக்கம் பிஸ்கட் கவரையும் பாப்பாவையே புதைக்க சொல்லுங்க, அப்பப்ப தண்ணி தெளிக்கட்டும். ரெண்டு மாசம் கழிச்சு தோண்டினா தோல் மண்ணோட மண்ணா போயிருக்கும், கவர் அப்படியே இருக்கும். மக்கும் குப்பை மக்காத குப்பைன்னு நாம நூறு தடவ சொல்றத விட இத ஒரு தடவ பாத்தா போதும், பச்சைத் தொட்டி எதுக்கு நீலத் தொட்டி எதுக்குன்னு அப்புறம் அவளே உங்களுக்கு சொல்லுவா.

அடுத்தது பால் கவர். மூலைய முழுசா வெட்டி எடுத்துடாதீங்க, அந்தக் குட்டித் துண்டு கவரோடயே ஒட்டிட்டு இருக்கட்டும், தனியா விழுந்தா யாரும் பொறுக்க மாட்டாங்க, சாக்கடைக்குத்தான் போகும். கவர கழுவி க்ளிப் போட்டு காய வைக்கிற வேலைய பாப்பாகிட்ட குடுங்க. நெறைய சேந்ததும் பழைய பேப்பர் கடைக்கு அவளையும் கூட்டிட்டு போங்க, எடை போடுறத பாக்கட்டும், வர்ற காசு அவ உண்டியலுக்கு. சில்லறைதான் வரும், ஆனா குப்பைன்னு நெனச்சதுக்கு ஒருத்தர் காசு குடுக்குறாரேன்னு அந்த முகத்துல வர்ற ஆச்சரியம் இருக்கே! இத உருக்கி குருணையாக்கி வேற சாமான் செய்வாங்கன்னு அப்ப சொல்லுங்க, பச்சக்குன்னு ஒட்டிக்கும்.

ஒண்ணு மட்டும் வேண்டாம்ங்க. ஸ்கூல் ப்ராஜெக்ட்னு காலி பாட்டில்ல புதுசா வாங்கின ஜிகினாவும் தெர்மாகோலும் ஒட்டுறது. சும்மா வச்சிருந்தா கடைக்காரர் எடுத்திருப்பாரு, ஒட்டினப்புறம் அது வெறும் குப்பைதான். இத பாக்குறப்பெல்லாம் எனக்கு வருத்தமா இருக்கு.

பிளேடு, ஒடஞ்ச கண்ணாடி, பட்டன் பேட்டரி இதெல்லாம் பெரியவங்க வேலை. பேட்டரிய முழுங்கிட்டா உயிருக்கே ஆபத்து, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும். பிளேடு, கண்ணாடிய நீங்க பேப்பர்ல சுத்தி தனியா குடுக்குறத பாப்பா பாக்கட்டும், குப்பை எடுக்க வர்ற அக்கா கைய கிழிக்கும்ல அதான்னு காரணம் சொல்லுங்க.

கேரி பேக்குக்கு 2019 ஜனவரி 1ல இருந்தே தமிழ்நாட்டுல தடை, ஆனாலும் கடையில குடுக்கத்தான் செய்றாங்க. அதனால மஞ்சப்பைய ஞாபகப்படுத்துற பொறுப்பு பாப்பாவோடது. பாதி தெரு போனப்புறம் "அம்மா பை"ன்னா சலிச்சுக்காம திரும்பி வந்து எடுத்துட்டு போங்க.