ஹோல்செட் எச்.எக்ஸ்.35 எக்லிப்ஸுக்குப் பொருந்துமா?

நண்பரே, டாட்ஜ் ராம் பிக்கப்பில் கழற்றிய எச்.எக்ஸ்.35 டர்போ, உங்கள் மிட்சுபிஷி எக்லிப்ஸ் காரின் 2.0 லிட்டர் 4ஜி63 பெட்ரோல் இன்ஜினுக்கு ரொம்பப் பெரிசோ என்று கேட்டிருந்தீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தப் பிக்கப்பின் 5.9 லிட்டர் கம்மின்ஸ் டீசல் இன்ஜின் 2500 சுற்றில், பூஸ்ட் (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம்) இல்லாமலே நிமிடத்துக்குச் சுமார் 7375 லிட்டர் காற்று இழுக்கும். உங்களுடையது 7000 சுற்றில் 7000 லிட்டர். கிட்டத்தட்ட ஒன்றுதான்! ஆனால் கீழ்ச் சுற்றில் டர்போ தூங்கும். தினமும் டிராஃபிக்கில் ஓட்டும் காரென்றால் நான் போடமாட்டேன்.

டர்பைன் ஹவுசிங் (புகை நுழையும் பக்கத்துக் கூடு) இரட்டை வாய் உள்ளதா என்று பாருங்கள். இருந்தால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் (சிலிண்டர்களின் புகையை டர்போவுக்குக் கொண்டுபோகும் குழாய்த் தொகுப்பில்) 1-4 ஒரு வாய்க்கும் 2-3 மற்றதற்கும் போகும்படி பிரித்துவிடுங்கள், டர்போ சீக்கிரம் எழும்பும்.

அப்புறம் முக்கியமானது: அந்த டீசலில் த்ராட்டில் (காற்று வழியை மூடித் திறக்கும் தகடு) கிடையாது. உங்களுக்கு உண்டு. கியர் மாற்றக் காலை எடுத்ததும் அது மூடி, காற்று திரும்பி டர்போவின் கம்ப்ரஸரை அடிக்கும், அதனால் அந்தக் காற்றை வெளியே விடும் புளோ-ஆஃப் வால்வு கட்டாயம். பூஸ்ட்டைக் கட்டுப்படுத்தும் டீசல் ஆக்சுவேட்டரின் ஸ்பிரிங்கும் கெட்டி. மென்மையானதாக மாற்றாவிட்டால் பூஸ்ட் அதிகமாகி முதல் ஓட்டத்திலேயே நாக்கிங் (பெட்ரோல் தாறுமாறாக வெடித்து இன்ஜின் தட்டுவது) வரும். இந்த டர்போவுக்குத் தண்ணீர்க் குளிர்ச்சியும் இல்லை, ஆயில் மட்டும்தான். வேகமாக ஓட்டிவிட்டு உடனே அணைக்காதீர்கள், இரண்டு நிமிடம் ஐடிலில் விடுங்கள்.

வாங்கும் முன் டர்போவின் ஷாஃப்ட்டை ஆட்டிப் பாருங்கள். அதிலுள்ள சக்கரம் ஹவுசிங்கில் உரசினால் வேண்டாம்.