இயங்குதளப் பாடத்தை மகள் கைவிட வேண்டாம்

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

டர்பனில் கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் தங்கள் மகள், விருப்பப் பாடமான இயங்குதளத்தை விட்டுவிட்டு கிளவுட் சான்றிதழ் ஒன்றுக்குப் படிக்க எண்ணுவதாக எழுதியிருந்தீர்கள். சான்றிதழ்த் தேர்வைப் பிறகும் எழுதலாம். சர்வர் கிளஸ்டர் (ஒன்றாக இணைந்து இயங்கும் கணினிகளின் தொகுதி) பராமரிப்பு வேலைதான் அவர் விருப்பம் என்றால் இந்தப் பாடத்தை, அதிலும் பிராசஸ்களுக்கு (இயங்கிக்கொண்டிருக்கும் நிரல்களுக்கு) வகுப்பும் முன்னுரிமையும் வகுக்கும் பகுதியை, அவர் விட்டுவிடக் கூடாது என்பதே என் கருத்து.

லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் சாதாரண வகுப்புப் பிராசஸின் முன்னுரிமையைக் குறிக்கும் நைஸ் மதிப்பு -20 முதல் 19 வரை இருக்கும். எண் குறையக் குறையச் சலுகை கூடும். தாமதமின்றி இயங்க வேண்டிய பிராசஸ்களுக்கான நிகழ்நேர வகுப்பிலோ 1 முதல் 99 வரை, எண் கூடக் கூட முன்னுரிமை கூடும். (இந்தத் தலைகீழ் வழக்கில் தடுக்கி விழாத மாணவரை நான் கண்டதில்லை.) எண்ணை விட வகுப்பே பெரிது: மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு வந்தவர், வெளிநோயாளி வரிசையில் முதல் சீட்டு வைத்திருப்பவரையும் முந்துவது போல, நிகழ்நேர வகுப்பில் 1 மட்டுமே பெற்ற பிராசஸ்கூட, -20 பெற்ற சாதாரணப் பிராசஸை முந்திவிடும்.

கிளஸ்டரில் இது வாழ்வா சாவா என்ற விஷயம். அதிலுள்ள கணினிகள் தாம் இயங்குவதாக ஒன்றுக்கொன்று இடையறாது செய்தி அனுப்பிக்கொள்கின்றன. ஒரு கணினியில் கனத்த தரவுத்தள வேலை சிபியு (கணினியின் செயலி) முழுவதையும் பிடித்துக்கொண்டதால் அந்தச் செய்தியை அனுப்பும் பிராசஸ் முறை வராமல் காத்துக் கிடந்தால், மற்றவை அது இறந்துவிட்டதென முடிவுகட்டி, நன்றாக இருந்த கணினியின் மின்சாரத்தையே துண்டிக்கக் கூடும். இச்செய்திகளைக் கையாளும் கோரோசிங்க் போன்ற கிளஸ்டர் மென்பொருள் நிகழ்நேர வகுப்பில் இயங்க முற்படுவது இதனால்தான். 'நைஸ் மதிப்பை -20 ஆக்கினால் போதாதா?' என்று நேர்காணலில் கேட்டால், தங்கள் மகளால் காரணத்தோடு மறுக்க முடிய வேண்டும். அதற்காக எல்லாவற்றையும் நிகழ்நேரமாக்கினால், தவறான ஒரு நிரல் கணினியையே முடக்கிவிடக் கூடும் என்பதையும் அவர் சொல்ல வேண்டும்.

கேப் டவுனிலுள்ள உயர்திறன் கணிமை மையம் இளநிலை மாணவர்களுக்கு கிளஸ்டர் போட்டி நடத்துகிறது. அதில் தேர்வான தென்னாப்பிரிக்க அணிகள் ஜெர்மனியில் நடந்த சர்வதேச மாணவர் கிளஸ்டர் போட்டியில் 2013, 2014, 2016 ஆகிய ஆண்டுகளில் முதலிடம் பெற்றன. அங்கே இன்னொரு அடுக்கையும் அவர் காண்பார்: எந்தப் பணி எந்தக் கணினிக்கு எப்போது போகும் என்பதை பிபிஎஸ் போன்ற வரிசை மென்பொருள் தீர்மானிக்கும், போன பிறகு சிபியுவைப் பங்கிடுவது அந்தந்தக் கணினியின் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதி.

பாடப் பதிவை மாற்றுவதற்கு முன், அணியில் சேர வழியுண்டா என்று அவரை விரிவுரையாளரிடம் கேட்கச் சொல்லுங்கள். அந்தப் பதிலோடு இருவரும் வந்தால், அடுத்த பருவப் பாடங்களைச் சேர்ந்தே முடிவு செய்யலாம்.