ஆபரேஷனுக்கு முன் நரம்புப் பாதை ஸ்கேன்: எதற்கு, எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். என் அண்ணனுக்கு 44 வயது. காசிமேட்டில் விசைப்படகு எஞ்சின் ரிப்பேர் பார்க்கிறார். போன மாதம் வலிப்பு வந்து, எம்ஆர்ஐ எடுத்ததில் மூளையின் இடது பக்கம், பேச்சுக்கான இடத்துக்குப் பக்கத்தில் கட்டி என்று தெரிந்தது. இப்போது ‘டிராக்டோகிராபி’ என்று இன்னொரு ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். ஒருமுறை எடுத்தாச்சே, மறுபடியும் எதற்கு? ஊசி போடுவார்களா? மூளை முழுவதையும் விஞ்ஞானிகள் மேப் போட்டுவிட்டதாகச் செய்தியில் பார்த்தேன். அதை வைத்தே ஆபரேஷன் செய்ய முடியாதா?

பதில்: தயங்காமல் எடுத்துவிடுங்கள். உங்கள் அண்ணனுக்கு அது தேவையான ஸ்கேன்தான்.

முதல் எம்ஆர்ஐ, கட்டி எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரிது என்று காட்டியிருக்கும். ஆனால் மூளையின் ஒரு பகுதியை இன்னொரு பகுதியோடு இணைக்கும் நரம்பிழைகள் போகும் வெள்ளைப் பகுதி, சாதாரண எம்ஆர்ஐயில் ஏறக்குறைய ஒரே சாயலாகத்தான் தெரியும். எந்தக் கற்றை எங்கிருந்து எங்கே போகிறது என்று அதில் பிரித்துப் பார்க்க முடியாது. அதைக் காட்டுவதுதான் டிராக்டோகிராபி என்ற நரம்புப் பாதை ஸ்கேன். அதுவும் எம்ஆர்ஐ மெஷினில் எடுப்பதுதான். இடது பக்கத்தில் டாக்டர் முக்கியமாகத் தேடுவது இரண்டு பாதைகளை. ஒன்று, பேச்சைப் புரிந்துகொள்ளும் பகுதியையும் பேசவைக்கும் பகுதியையும் வில்போல் வளைந்து இணைக்கும் கற்றை. இன்னொன்று, வலது கை கால்களுக்குக் கட்டளை கொண்டுபோகும் கற்றை. கட்டி இவற்றைத் தள்ளிவிட்டிருக்கிறதா, உள்ளே ஊடுருவியிருக்கிறதா என்பதைப் பொறுத்து, எந்தப் பக்கமாக உள்ளே போவது, எங்கே நிறுத்துவது என்ற முடிவே மாறும்.

ஸ்கேன் வேலை செய்யும் விதம் எளிமையானது. நரம்பிழைக்குள் இருக்கும் தண்ணீர் மூலக்கூறுகள் இழையின் நீளவாக்கில் சுலபமாக நகரும். குறுக்கே அவ்வளவு நகராது. அந்த நகர்வைப் பல திசைகளில் அளந்து, எந்தத் திசையில் அதிகம் என்று பார்த்து, கம்ப்யூட்டர் கோடுகளை வரைகிறது. படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறங்கள் இருக்கும். சிவப்பு இடவலமாகப் போகும் பாதை, பச்சை முன்பின், நீலம் மேல்கீழ். நிறம் நோயைக் குறிப்பதல்ல. சிவப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

இந்தப் பரிசோதனைக்கென்று மருந்து ஊசி கிடையாது. கட்டியை இன்னும் தெளிவாகப் பார்க்க அதே நேரத்தில் தனியாக ஊசி போடலாம். அது வேறு விஷயம். எக்ஸ்ரே கதிர்வீச்சும் இல்லை.

இனி, எவ்வளவு நம்பலாம் என்பது. படத்தில் தெரியும் கோடுகள் நேரில் பார்த்த நரம்புகள் அல்ல, கணக்குப் போட்டு ஊகித்தவை. ஸ்கேனின் ஒரு புள்ளி சுமார் 2 மில்லிமீட்டர் அளவு. அதற்குள் லட்சக்கணக்கான இழைகள் இருக்கும். பேசின் பிரிட்ஜ் ரயில் சந்திப்பில் சென்ட்ரல், பீச், கும்மிடிப்பூண்டி, அரக்கோணம் பக்கத் தண்டவாளங்கள் எல்லாம் நெருங்கி வந்து பிரிகின்றன. மேலே இருந்து மங்கலாக ஒரு போட்டோ எடுத்தால் எந்தத் தடம் எதோடு சேர்கிறது என்று தவறாகச் சொல்ல வாய்ப்புண்டு. வண்டி எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதும் தெரியாது. இந்த ஸ்கேனிலும் அப்படித்தான். கற்றைகள் குறுக்கிடும் இடத்தில் கம்ப்யூட்டர் தடுமாறும். கட்டியைச் சுற்றி நீர்க்கோத்து வீங்கியிருந்தால், இருக்கிற பாதைகூடப் படத்தில் விட்டுப்போகலாம். மண்டையோட்டைத் திறந்ததும் மூளை கொஞ்சம் நகரும் என்பதால் படமும் நிஜமும் சில மில்லிமீட்டர் விலகும்.

அதனால்தான் பேச்சுப் பகுதிக்கு அருகில் இருக்கும் கட்டிகளுக்குச் சில சமயம் ஆபரேஷன் நடுவே நோயாளியை விழிக்கவைத்து, படங்களைக் காட்டிப் பெயர் சொல்லச் சொல்லி, மூளையில் மெல்லிய மின்தூண்டல் கொடுத்துப் பார்க்கிறார்கள். பேச்சு தடைபட்டால் அங்கே கை வைப்பதில்லை. மூளைக்கு வலி உணர்வு இல்லை. தலைத்தோல் மரத்துப்போக மருந்து கொடுத்துவிடுவார்கள். இப்படிச் செய்யலாம் என்று டாக்டர் சொன்னால் வீட்டில் யாரும் கலங்கத் தேவையில்லை.

செய்தியில் பார்த்த மேப்பும் உண்மையான சாதனைதான். 1986-இல் 302 நரம்பு செல்கள் கொண்ட ஒரு சிறு புழுவின் நரம்பு இணைப்பு மேப் வெளியானது. 2024-இல் பழ ஈயின் முழு மூளை, சுமார் 1.39 லட்சம் செல்கள். அதே ஆண்டு மனித மூளையில் ஒரு கன மில்லிமீட்டர் துணுக்கு. அதற்கே 15 கோடி இணைப்புகள். நம் மூளையில் இருப்பதோ சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள். நம் ஊர் ஐஐடி மெட்ராஸும் 2024-இல் ‘தரணி’ என்ற பெயரில் கருப்பருவ மூளைகளை 5,132 வெட்டுகளாகப் படமெடுத்து, யார் வேண்டுமானாலும் பார்க்க வெளியிட்டது. ஆனால் இவையெல்லாம் எடுத்த திசுவை மெல்லியதாகச் சீவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தவை. உயிரோடிருக்கும் உங்கள் அண்ணனின் மூளையில், கட்டி தள்ளிய பிறகு பாதை எங்கே இருக்கிறது என்பதை அவை சொல்லாது.

நீங்கள் டாக்டரிடம் சொல்ல வேண்டியவை சில உண்டு. பலர் இதை விட்டுவிடுகிறார்கள். வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசும் குடும்பங்கள் உங்கள் பக்கம் நிறைய. அண்ணனும் அப்படியென்றால் அவசியம் சொல்லுங்கள். இரண்டு மொழிகளுக்கும் மூளையில் இடம் ஓரளவு மாறலாம். இரண்டிலும் சோதிக்க வேண்டியிருக்கும். பிறவியில் இடது கைக்காரராக இருந்து, சின்ன வயதில் அடித்து வலது கைக்கு மாற்றியிருந்தால் அதையும் சொல்லுங்கள். இடது கைக்காரர்கள் சிலருக்குப் பேச்சுப் பகுதி வலது பக்கம் இருக்கும். நட்டு போல்ட்டு முடுக்கும் கை அவருக்கு எவ்வளவு முக்கியம் என்பதும் டாக்டருக்குத் தெரியட்டும்.

ஸ்கேன் அன்று வலிப்பு மாத்திரையை நிறுத்தக் கூடாது. அரைஞாண், வெள்ளிக் காப்பு, தாயத்து எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவையுங்கள். பேஸ்மேக்கர், உள்ளே வைத்த பிளேட் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். எஞ்சின் வேலை செய்பவர் என்பதால், எப்போதாவது கண்ணில் இரும்புத்தூள் பட்டதுண்டா என்று கேட்டுச் சொல்வது மிக அவசியம். உள்ளே சத்தம் பலமாக இருக்கும். தலை அசைந்தால் கோடுகள் கெட்டுவிடும். செலவு காப்பீட்டு அட்டையில் சேருமா என்று ஆஸ்பத்திரியின் காப்பீட்டு கவுன்டரில் முதலிலேயே விசாரியுங்கள். முடிந்ததும் ஃபிலிமோடு சிடியையும் கேட்டு வாங்குங்கள். ஆபரேஷன் தியேட்டரில் வழிகாட்டும் கம்ப்யூட்டரில் ஏற்ற அந்த சிடியில் இருக்கும் படங்கள்தான் வேண்டும். ஃபிலிமை வைத்து அது முடியாது.