பொறியியல் கலந்தாய்வு: விருப்பப் பட்டியல் போடுவதற்கு முன் (கேள்வி பதில்)

பிளஸ் டூ முடிவு வந்து, டிஎன்இஏ (தமிழ்நாடு பொறியியல் சேர்க்கைக் கலந்தாய்வு) ரேங்குக்காகக் காத்திருக்கும் மாணவர்களும் பெற்றோரும் கேட்டவை இவை.

கேள்வி: சார், என் மகளுக்குக் கணிதம் 92, இயற்பியல் 85, வேதியியல் 89. கட்-ஆஃப் எவ்வளவு? அதை வைத்துப் போன வருடப் பட்டியலில் கல்லூரி தேடலாமா?

கணிதம் அப்படியே 100-க்கு. மற்ற இரண்டும் பாதியாகும். 92 + 42.5 + 44.5 = 179. ஆனால் இந்த 179-ஐ வைத்துத் தேட வேண்டாம், ரேங்க் வரட்டும். கணிதத் தாள் எளிதாக இருந்த வருடம் 179-க்கு மேலே பெருங்கூட்டம் நிற்கும். கடினமான வருடம் அதே மதிப்பெண் வெகுதூரம் முன்னால் போய்விடும். அதனால் பொது ரேங்க், சமூக ரேங்க் இரண்டையும் குறித்துக்கொண்டு, கடந்த இரண்டு மூன்று வருட ஒதுக்கீட்டுப் பட்டியல்களைப் பாருங்கள். கல்லூரி, பாடப்பிரிவு, உங்கள் சமூகம் என்ற மூன்றுக்கும் கடைசி சீட் எந்த ரேங்கில் முடிந்தது என்பதுதான் தேவையான எண். இடையில் அந்தப் பிரிவில் சீட் கூட்டியிருக்கிறார்களா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 60 சீட் 180 ஆகியிருந்தால் பழைய கணக்கு பொருந்தாது.

கேள்வி: அண்ணா, கிடைக்கும் என்று உறுதியாகத் தெரிகிற கல்லூரியை முதலில் போடச் சொல்கிறார்கள். பெரிய கல்லூரியை முதலில் போட்டுக் கிடைக்காவிட்டால் வாய்ப்பு வீணாகுமா?

ஆகாது, தம்பி. இந்த ஒரு தவறான யோசனையால் வருடா வருடம் நல்ல சீட்டை இழக்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கணினி ரேங்க் வரிசையில் ஒவ்வொருவராக எடுக்கிறது. உங்கள் முறை வந்ததும் உங்கள் பட்டியலின் முதல் வரியைப் பார்க்கும். அங்கே பொதுப் பிரிவிலோ உங்கள் சமூகப் பிரிவிலோ சீட் இருந்தால் கொடுத்துவிட்டு, அதோடு நின்றுவிடும். இல்லையென்றால் இரண்டாவது வரி, மூன்றாவது வரி என்று இறங்கும். நாற்பதாவது வரியில் கிடைத்தாலும், அந்த சீட் உங்களுக்குப் பின்னால் இருக்கும் ரேங்க்காரருக்குப் போவதற்கு முன்பே உங்களுக்கு வந்துவிடும். மேலே கிடைக்காத 39 வரிகளால் உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

திருப்பிப் பாருங்கள். உறுதியாகக் கிடைக்கும் கல்லூரியை முதல் வரியில் எழுதினால், கணினி உடனே அதைக் கொடுத்துவிடும். அதற்குக் கீழே நீங்கள் எழுதிய எதையும் அது படிக்கவே படிக்காது. உறுதியான சீட்டின் இடம் பட்டியலின் அடியில்தான். மேலிருந்து கீழாக ஆசை வரிசை, அவ்வளவே. ஒவ்வொரு அடுத்தடுத்த வரிக்கும் ஒரே கேள்வி கேளுங்கள்: "இரண்டும் கையில் கிடைத்தால் எதில் சேருவேன்?" பதில் கீழே இருக்கும் வரி என்றால் இரண்டையும் இடம் மாற்றுங்கள்.

எத்தனை வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் கிடைத்தாலும் சேர மாட்டேன் என்று தெரிந்த கல்லூரியை எழுதாதீர்கள்.

கேள்வி: நாங்கள் பி.சி. பொதுப் பிரிவில் சீட் எடுத்தால் பி.சி ஒதுக்கீட்டை இழந்துவிடுவோமா?

இழக்க எதுவும் இல்லை. 31 சதவீதம் எல்லோருக்கும் பொதுவானது. மீதி 69-ல் பி.சி 26.5, பி.சி முஸ்லிம் 3.5, எம்.பி.சி 20, எஸ்.சி 15, எஸ்.சி.ஏ (அருந்ததியர்) 3, எஸ்.டி 1. உங்கள் ரேங்குக்குப் பொது சீட் இருந்தால் அதில் வைப்பார்கள், இல்லையென்றால் சமூக சீட்டில். கல்லூரியில் சேர்ந்த பிறகு இரண்டுக்கும் வேறுபாடு இல்லை.

கேள்வி: தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் பல தேர்வுகள் காட்டுகிறதாமே. எதை அழுத்துவது?

கிடைத்தது திருப்தி என்றால் ஏற்றுச் சேர்வது. கிடைத்ததை விடாமல் பட்டியலில் அதற்கு மேலே உள்ளவற்றுக்கும் காத்திருப்பது "அக்செப்ட் அண்ட் அப்வேர்ட்". பலருக்கும் இதுதான் பொருந்தும். மேலே உள்ள சீட் கிடைத்துவிட்டால் பழைய சீட் தானாகப் போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. முன்பு சொன்ன ஆசை வரிசை இங்கேதான் முக்கியமாகிறது. வரிசையைத் தப்பாகப் போட்டவர் "மேலே" என்று நினைத்து விரும்பாத கல்லூரிக்குப் போய் விழுவார்.

மறுத்துவிட்டு அடுத்த சுற்றுக்குப் போவது ஆபத்தானது. அங்கே இருப்பது மிஞ்சிய சீட்டுகள் மட்டும். எதை அழுத்தினாலும் கடைசி நாள் மாலைவரை இழுக்காதீர்கள். உறுதி செய்யாவிட்டாலும், உறுதி செய்துவிட்டுக் குறித்த நாளுக்குள் பணம் கட்டாவிட்டாலும் சீட் போய்விடும்.

கேள்வி: ஐயா, ஒரு கல்லூரி 100 சதவீதம் பிளேஸ்மென்ட் என்று விளம்பரம் செய்கிறது. நம்பலாமா?

எண்ணை எப்படிக் கணக்கிட்டார்கள் என்று கேளுங்கள். ஒரு துறையில் 120 பேர் என்று வைத்துக்கொள்வோம். அரியர் உள்ளவர்களையும் சதவீதம் குறைந்தவர்களையும் கழித்து 90 பேரைத் "தகுதியானவர்" என்கிறார்கள். அதில் 70 பேருக்குச் சேர்த்து 95 ஆஃபர் வருகிறது, காரணம் சிலர் கையில் இரண்டு மூன்று. 95-ஐ 90-ஆல் வகுத்தால் நூறைத் தாண்டிவிடும். உண்மையில் வேலை கிடைத்தது 120-க்கு 70 பேருக்கு, அதாவது 58 சதவீதம்.

ஆகவே மூன்று கேள்விகள்: துறையின் மொத்த மாணவர் எத்தனை பேர், ஒருவரை ஒரு முறை மட்டும் எண்ணினால் வேலை பெற்றவர் எத்தனை பேர், சம்பளத்தைக் குறைந்ததிலிருந்து வரிசையாக வைத்தால் நடுவில் நிற்பவருக்கு எவ்வளவு. உச்ச சம்பளம் ஒரே ஒரு மாணவரின் கதை. ஆஃபர் வந்த வேலை என்ன வேலை என்பதையும் கேளுங்கள். எலெக்ட்ரானிக்ஸ் படித்தவருக்குக் கால் சென்டர் வேலை கொடுத்தாலும் கணக்கில் அது ஒரு பிளேஸ்மென்ட்தான்.

கேள்வி: கல்லூரியை நேரில் போய்ப் பார்க்கிறோம். எதைப் பார்ப்பது?

முகப்புக் கட்டடத்தையும் நீச்சல் குளத்தையும் விட்டுவிட்டு, சேரப்போகும் துறைக்கு நடந்து போங்கள். ஆய்வகத்தில் ஒரு மாணவரின் ரெக்கார்ட் நோட்டை வாங்கிப் புரட்டுங்கள். பத்து பரிசோதனைக்கும் தேதி வாரக்கணக்கில் இடைவெளி விட்டு இருக்கிறதா, அல்லது கடைசி நான்கைந்து நாளில் மொத்தமாகக் கையெழுத்தா? பின்னது என்றால் அந்த ஆய்வகம் தேர்வுக்கு மட்டும் திறக்கிறது. ஆஸிலோஸ்கோப் (மின் அலையைத் திரையில் காட்டும் கருவி) எத்தனை இருக்கிறது என்பதைவிட, எத்தனை மேல் தூசி இல்லை என்று பாருங்கள்.

இரண்டாம் ஆண்டு மாணவரிடம் பேசுங்கள். "இந்த செமஸ்டரில் பாதியில் எந்தப் பாடத்துக்காவது ஆசிரியர் மாறினாரா?" என்று கேட்டால் போதும், மீதியை அவரே சொல்வார். தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்திய கவுன்சிலின் (ஏஐசிடிஇ) விதிப்படி 20 மாணவருக்கு ஓர் ஆசிரியர். ஆனால் பெயர்ப் பட்டியலை மட்டும் நம்ப முடியாது. ஒரே ஆசிரியர் பல கல்லூரிகளின் பட்டியலில் இருந்தது 2024-ல் அம்பலமானது. கதவில் ஒட்டிய டைம்டேபிளில் உள்ள பெயர்களை மாணவருக்குத் தெரிகிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

அண்ணா பல்கலைக்கழகம் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விழுக்காட்டை செமஸ்டர்தோறும் வெளியிடுகிறது. அதையும் பாருங்கள். தன்னாட்சிக் கல்லூரிகள் தாமே வினாத்தாள் போடுவதால் அவற்றின் தேர்ச்சியை மற்றவற்றோடு ஒப்பிடக் கூடாது.

கேள்வி: நாக் ஏ பிளஸ் இருந்தால் போதுமா?

இரண்டு தரச்சான்றுகள் உண்டு. நாக் கல்லூரி முழுவதற்கும் தருவது. என்பிஏ ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனியே தருவது. மெக்கானிக்கலுக்கு என்பிஏ இருக்கும் கல்லூரியில் நீங்கள் கேட்கும் புதுப் பிரிவுக்கு இல்லாமல் இருக்கலாம். சான்று எந்த வருடம்வரை செல்லும் என்றும் பாருங்கள்.

கேள்வி: சுமாரான கல்லூரியில் சிஎஸ்இ (கணினி அறிவியல்), நல்ல கல்லூரியில் இசிஇ (மின்னணுவியல், தகவல்தொடர்பு). எது?

மின்சுற்றும் சிக்னலும் பிடிக்கவே பிடிக்காது என்றால் ஒழிய, நல்ல கல்லூரியில் இசிஇ என்றுதான் சொல்வேன். மென்பொருள் நிறுவனங்கள் வளாகத்துக்கு வரும்போது பெரும்பாலும் இரண்டு பிரிவையும் தேர்வில் உட்கார விடுகின்றன. நிறுவனமே வராத வளாகத்தில் சிஎஸ்இ என்ற பெயர் வேலை தராது. செயற்கை நுண்ணறிவு போன்ற புதுப் பெயர்களுக்குப் போகிறவர்கள், அதை நடத்தும் ஆசிரியர்கள் அதே துறையில் படித்தவர்களா என்று கேளுங்கள். அரசுப் பணிதான் குறி என்றால், விரும்பும் பதவியின் பழைய அறிவிக்கையில் எந்தப் பட்டப் பெயர் கேட்டிருக்கிறார்கள் என்பதை இப்போதே படியுங்கள்.

கேள்வி: மகன் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளி. அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு பற்றிச் சொல்லுங்கள்.

அம்மா, கண்டிப்பாக அதில் போடுங்கள். அந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் படிப்புக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசு ஏற்கும். பொதுப் பட்டியல் வழியாகச் சேர்ந்தால் இந்தச் சலுகை இல்லை. இரண்டிலும் சீட் வந்தால் இதைக் கணக்கில் வைத்து முடிவெடுங்கள். ஏழு வகுப்புக்கும் படிப்புச் சான்று இப்போதே வாங்கி வையுங்கள். இடையில் பள்ளி மாறியிருந்தால் இரண்டு தலைமையாசிரியரையும் பார்க்க வேண்டியிருக்கும்.

கேள்வி: ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகம் முன்பணம் கேட்கிறது. கலந்தாய்வு இன்னும் தொடங்கவில்லை.

நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் டிஎன்இஏ-வுக்குள் வராதவை, அவற்றின் தேதிகள் முந்திக்கொள்ளும். கட்டினால் ரசீது வாங்குங்கள். விலகினால் எந்தத் தேதிவரை எவ்வளவு திரும்ப வரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். 2024-25-ல் செப்டம்பர் 30-க்குள் விலகினால் முழுத்தொகை, அக்டோபர் 31-க்குள் என்றால் ரூ.1,000 மட்டும் பிடித்தம் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) சொல்லியிருந்தது. உங்கள் வருடத்து அறிவிப்பைப் பாருங்கள். அசல் சான்றிதழை எந்த நிறுவனமும் பிடித்து வைக்கக் கூடாது, சரிபார்த்ததும் திரும்ப வாங்கிவிடுங்கள். ரசீதில்லா நன்கொடை வாங்குவது தமிழ்நாட்டில் 1992 சட்டப்படி தடை செய்யப்பட்டது.

கேள்வி: பட்டியலை பிரவுசிங் சென்டரில் கொடுத்துப் போடலாமா? ஒரு கல்லூரி இலவச முகாமும் நடத்துகிறது.

தட்டச்சுக்கு உதவி வாங்கலாம். ஓடிபி வரும் கைபேசி எண் உங்களுடையதாக இருக்க வேண்டும், கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டு வரக் கூடாது. கல்லூரி நடத்தும் முகாமில் அந்தக் கல்லூரியே உங்கள் பட்டியலின் மேலே ஏறிவிடலாம். வீட்டில் தாளில் எழுதிக் கொண்டுபோங்கள், பெயரோடு கல்லூரிக் குறியீடும் பிரிவுக் குறியீடும் சேர்த்து. கோவை பிஎஸ்ஜி டெக்கும் பிஎஸ்ஜி ஐடெக்கும் வேறு வேறு கல்லூரிகள். பெயரை மட்டும் பார்த்துத் தட்டுகிறவர் இங்கேதான் தவறுவார். பிஎஸ்ஜி டெக்கின் குறியீடு 2006, கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியின் குறியீடு 2005. போட்டு முடித்ததும் அச்செடுத்து, தாளோடு வரி வரியாக ஒருவர் படிக்க இன்னொருவர் சரிபாருங்கள். பூட்டும் பொத்தானை அதன் பிறகு அழுத்துங்கள்.